மோரிஸ் மைனரின் அடிப்பாகத் துரு

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனர் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டிச்சட்டங்கள், குறுக்குச்சட்டம் எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு வண்டியின் பாரத்தைச் சுமந்தன. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் தூவிய உப்பு, சேற்றோடு சேர்ந்து அந்தச் சட்டங்களுக்குள் தங்கியது. துரு உள்ளிருந்தே அரித்தது. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகடு அப்பளமாக நொறுங்கும்.

ஓட்டையில் பட்டி பூசி, தகரத்தை ஒட்டி, மேலே தார் அடித்து மறைப்பது அந்நாளில் சகஜம். அது பழுதுபார்ப்பு அல்ல, ஏமாற்று. 1960இல் தொடங்கிய பிரிட்டனின் கட்டாய வாகனப் பரிசோதனை முதலில் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றையே பார்த்தது. 1977இல் உடற்கட்டின் நிலையும் அதில் சேர்ந்தது. அதன்பின் நல்ல இரும்பு தெரியும்வரை துருவை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைச் சுற்றிலும் விடாமல் வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று. வெட்டுமுன் கதவு இடைவெளி மாறாதபடி உடலுக்கு முட்டுக்கொடுப்பார்கள்; இதை மறந்தால் கதவு பிறகு ஒழுங்காகச் சாத்தாது.

மைனரின் உற்பத்தி 1971இல் நின்றது. அதற்கான மாற்றுத் தகடுகள் 1990களில் இலங்கையிலும் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின.