மெக்லாரன் எஃப்1 ஜி.டி.ஆர்.

மெக்லாரன் எஃப்1 ஜி.டி.ஆர்.: இங்கிலாந்தில் சாலை உபயோகத்துக்கென்றே செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1 என்னும் அதிவேகக் காரை, எடை குறைத்துப் பந்தயத்துக்கு ஏற்றவாறு திருத்தியமைத்த வாகனம். 1995 முதல் 1997 வரை 28 வண்டிகள் உருவாயின.

மூல வண்டி: 1992இல் மொனாக்கோவில் வெளியிடப்பட்ட எஃப்1 காரைப் பந்தயத்தில் இறக்கும் உத்தேசம் அதன் சிற்பியான கார்டன் மர்ரேக்கு இருக்கவில்லை; எனினும், எடைக் குறைப்பையே விரதமாகக் கொண்ட அவர், கார்பன் இழையால் உடற்கூட்டை அமைத்து, ஓட்டுநரை நடுவிலும் இரு பிரயாணிகளை அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்தள்ளியும் அமர்த்தி, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் பால் ரோஷ் ஆக்கிய 6.1 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினை முதுகுப்புறம் பொருத்தி, அதன் உஷ்ணம் கூட்டைத் தாக்காதிருக்க எஞ்சின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு பதித்தமையால், பந்தய வண்டிக்குரிய லட்சணங்கள் பிறப்பிலேயே அதற்கு வாய்த்தன.

மாற்றம்: ரே பெல்ம் முதலிய பந்தய ஆர்வலர்களின் வற்புறுத்தலுக்கு நிறுவனம் இணங்கியபின், உள்ளறையின் அலங்கார விரிப்புகளும் ஓசைத் தடுப்புகளும் களையப்பட்டு, விபத்தில் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் குழாய்ச் சட்டமும், வேகத்தில் வண்டியைத் தரையோடு அழுத்தும் பின்சிறகும், கார்பன் பிரேக்குகளும் சேர்க்கப்பட்டன. போட்டி விதிகளின்படி எஞ்சினுக்குச் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்த நேர்ந்ததால், சாலை வண்டியின் 627 குதிரைசக்தி பந்தய வண்டியில் ஏறக்குறைய 600 ஆகக் குறைந்தது விசித்திரமே.

வெற்றி: 1995 ஜூன் மாதம், பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில் முதன்முறையாகப் பிரவேசித்த இவ்வண்டி, பெருமழைக்கிடையே, யானிக் டால்மாஸ், ஜே. ஜே. லெட்டோ, மசானோரி செகியா ஆகிய மூவர் மாறி மாறி ஓட்ட, பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகளையும் முந்தி முதலிடம் பெற்றது; 3, 4, 5, 13ஆம் இடங்களும் இதன் சகோதர வண்டிகளுக்கே கிட்டின. பந்தயத்தை முடித்த அவ்வைந்தின் ஞாபகார்த்தமாக, காற்றுக் கட்டுப்பாடு நீக்கப்பெற்று 680 குதிரைசக்தி கொண்ட எஃப்1 எல்.எம். என்னும் ஐந்து சாலை வண்டிகள் விற்பனைக்கென்று செய்யப்பட்டன.

பிற்காலம்: 1996இல் போர்ஷ் நிறுவனம், பந்தயத்தையே பிரதானமாகக் கருதி 911 ஜி.டி.1 வண்டியை ஆக்கி, சாலை வடிவமும் இருக்கவேண்டும் என்னும் விதியைப் பூர்த்தி செய்யும் பொருட்டு அத்தகைய வடிவம் ஒன்றையும் செய்யவே, சாலை வண்டியைப் பந்தயத்துக்குத் திருத்தும் பழைய முறை தலைகீழாயிற்று. அதற்கு ஈடுகொடுக்க மெக்லாரன் 1997இல் உடலை நீட்டி, கியர்பெட்டியை மாற்றி, எடையைச் சுமார் 915 கிலோவுக்குக் குறைத்த வண்டி, அவ்வாண்டு லெ மானில் தன் பிரிவில் வென்று மொத்தத்தில் இரண்டாமிடம் பெற்றது. ஆயினும், புதிய உடலுக்கு விதிப்படி அங்கீகாரம் பெறும் பொருட்டு, எஃப்1 ஜி.டி. என்னும் சாலை வண்டியை மெக்லாரனும் செய்ய வேண்டியதாயிற்று.