ஏற முடியாத படிகள்

தொப்பூர் கணவாயைப் பற்றிப் பேசினால் நம் நினைவுக்கு முதலில் வருவது லாரிகள்தான். ஆனால் நெடுஞ்சாலை வருவதற்கு வெகுகாலம் முன்னரே இந்த மலையிடுக்கில் ஒரு வழி இருந்தது. அது தொப்பையாறு. சேர்வராயன் மலைப் பகுதியிலிருந்து வரும் அந்தச் சிற்றாறு, கணவாயைக் கடந்து மேற்கே சென்று, மேட்டூரின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் காவிரியோடு கலக்கிறது. மழைக்காலத்தில் நம் ஊர் வழியே ஓடும் நீரும், அந்த அணையின் மதகைக் கடந்துதான் கடலைக் காண முடியும்.

நீர் கீழ்நோக்கிச் செல்வது யாவருக்கும் தெரியும். கடலிலிருந்து மேல்நோக்கி ஏறி வந்த ஓர் உயிரைப் பற்றி இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அதன் பெயர் உல்லம். உள்ளம் என்று சொல்வோரும் உண்டு. வங்காளத்தில் இலிஷ், ஆந்திரத்தில் புலச. கடலில் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் மட்டும் நன்னீரைத் தேடி ஆற்றுக்குள் ஏறும் மீன் இது. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் பொழிந்து, காவிரியும் கொள்ளிடமும் புதுவெள்ளம் கண்டு, நம் மக்கள் ஆடிப்பெருக்கு கொண்டாடும் காலமே அதற்கும் பயணக் காலம். செந்நிற வெள்ளத்தை எதிர்த்து நீந்தி, மேலே எங்கோ முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் சற்று வளர்ந்து கடலுக்கு இறங்கும். வளர்ந்தபின் அவையும் ஆற்றைத் தேடி வரும்.

மேலைநாடுகளில் இதே வாழ்க்கையை வாழ்வது சாலமன் மீன். ஸ்காட்லாந்தின் டே, டீ, ஸ்பே ஆறுகளில் பிப்ரவரி முதல் மே வரை ஏறி வருவதை 'வசந்த சாலமன்' என்பார்கள். அது முட்டையிடுவதோ ஆண்டின் இறுதியில். ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரை தேடுவதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே பல மாதங்கள் ஆற்றில் காத்திருக்கிறது. தூண்டிற்காரர்கள் குளிர்ந்த நீரில் இடுப்பளவு நின்று, இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சியை வீசுகிறார்கள். பசியில்லாத மீன் அதை ஏன் கவ்வுகிறது என்பது இன்றும் விவாதமே. நம் உல்லமோ நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்பது. ஆகவே தூண்டிலுக்குப் பெரும்பாலும் சிக்காது. வலைதான் அதன் எதிரி.

சாலமனுக்கு அந்நாடுகளில் சட்டத்தின் பாதுகாப்பும் நெடுங்காலமாக இருந்தது. 1215-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டாவில், தேம்ஸ், மெட்வே ஆறுகளிலும் நாடெங்கும் உள்ள மீன்பிடி அடைப்புகளை அகற்ற வேண்டும் என ஒரு விதி உண்டு. படகுகளின் பாதையைத் திறக்க எழுந்த அந்த விதியால் மீனுக்கும் பாதை திறந்தது. ஸ்காட்லாந்திலோ இடைக்காலம் முதலே, சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கட்கிழமை விடியும்வரை சாலமன் மேலே செல்ல வழிவிட வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. வாரத்தில் ஒருநாள் மனிதனுக்கு மட்டுமல்ல, மீனுக்கும் ஓய்வு!

அதே தேசத்தார் இங்கே ஆண்டபோது நடந்தது என்ன?

1836-இல் சர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுந்தன. மேலே முக்கொம்பு, கீழே அணைக்கரை. மணல் மேடிட்டு வறண்டுகொண்டிருந்த தஞ்சைக் கழனிகளுக்கு அவை மறுவாழ்வு தந்தன. காட்டனின் பெயரை நம் உழவர்கள் நன்றியோடு நினைப்பது நியாயமே. ஆனால் அணைக்கரையின் சுவர், கடலிலிருந்து வந்த உல்லத்தின் முகத்துக்கு எதிரே நின்றது. சுவரடியில் திரண்ட மீன்களை வலைகள் எளிதாக அள்ளின.

இதைக் கவனித்து எழுதியவர் பிரான்சிஸ் டே. சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணிபுரிந்து, பின்னர் இந்திய மீன்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்களைப் பற்றி 1873-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, அணைக்கட்டுகள் மீன்களின் வலசைக்குச் செய்யும் தீங்கை அரசுக்கு எடுத்துச் சொன்னது. பிற்பாடு அணைக்கரையில் மீன்வழிகளும் அமைக்கப்பட்டன. 1907-இல் உருவான சென்னை மாகாண மீன்துறை, அங்கேயே உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றது.

ஆனால் அந்த வழிகளால் உல்லத்துக்குப் பயன் விளையவில்லை. இங்கே சற்று நின்று கவனியுங்கள். மீன்வழி என்னும் கருத்தே சாலமனைக் கொண்டு பிறந்தது. சாலமன் துள்ளும் மீன். அருவியையும் தாண்டிக் குதிக்கும். ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரி அணையில் 1950-களின் தொடக்கத்தில் கட்டிய மீனேணியில், 310 மீட்டர் நீளத்துக்கு 34 தொட்டிகள் படிப்படியாக உயர்கின்றன. ஆயிரக்கணக்கான சாலமன்கள் ஆண்டுதோறும் அதில் ஏறிச் செல்கின்றன. உல்லமோ துள்ளிக் குதிக்கும் இனமன்று. நீரோட்டத்தில் கூட்டமாக நீந்தும் மென்மையான மீன். வலையில் பட்டால் சிறிது நேரத்தில் இறந்துவிடும். வேறொரு மீனின் கால்களுக்காக, அப்படிச் சொல்லலாமானால், அமைத்த படிகள் அவை.

பின்னர் மேட்டூர் வந்தது. 1925-இல் தொடங்கிய பணி 1934-இல் நிறைவேறி, அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. 120 அடி நீர் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணையை எந்த மீனும் தாண்டமுடியாது. அதற்கு மேலே உல்லத்தின் பாதை முற்றிலும் அடைபட்டது. கீழேயும் ஆற்றின் இயல்பு மாறியது. முன்பு மலைமேகம் அனுப்பிய புதுவெள்ளமே மீனுக்கு அழைப்பாயிருந்தது. இப்போது ஜூன் 12 என்று நாள் குறித்து, நீரிருப்பைப் பார்த்து மதகைத் திறக்கிறோம். உழவனுக்கு அது தேவை. மீனுக்கு அந்த நாட்காட்டி தெரியாது.

நீர்த்தேக்கத்தில் மீன்வளம் இல்லாமற் போகவில்லை. கட்லா, ரோகு போன்ற வெளியூர்க் கெண்டைகளை அரசு கொண்டுவந்து விட்டது. அணையடியில் மீன்குஞ்சு வளர்க்கும் பண்ணையும் உண்டு. பலநூறு குடும்பங்கள் பரிசலில் சென்று பிழைக்கின்றன. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் மேட்டூர் மீனும் அதுவே. ஒன்றை இழந்து வேறொன்றைப் பெற்றோம். பெற்றதை அறிவோம், இழந்ததை மறந்தோம்.

பண்ணவாடிக்குச் சென்றவர்கள் அறிவார்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது, மூழ்கிய பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் வெளியே தெரியும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலைகாட்டும். இங்கே மனிதர் வாழ்ந்தனர், தொழுதனர், ஊரை விட்டுப் பெயர்ந்தனர் என்று அந்தக் கற்கள் சாட்சி சொல்கின்றன. உல்லம் சென்ற பாதைக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை. நீர் எவ்வளவு இறங்கினாலும் அது வெளியே தெரியாது.

அணையைக் கட்டியது பாவம் என்று நான் சொல்லவில்லை. அந்த நீரில் விளைந்த அரிசியை உண்டே இதை எழுதுகிறேன். என் மனதை உறுத்துவது அந்தப் படிகளே. சுவர் தடுக்கிறது என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். ஒரு வழியும் அமைத்தார்கள். ஆனால் வருகிறவருக்கு அது ஏற்றதா என்பதை முதலில் அறியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, லாரியில் கிளீனராக வந்த ஒரு வடநாட்டு இளைஞன் நம் ஆலய வாசலில் நின்றான். நாம் அன்போடுதான் வரவேற்றோம். வழக்கம்போல், புதியவர்கள் நிரப்பும் படிவத்தையும் எழுதுகோலையும் கையில் கொடுத்தோம். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆராதனை முடிந்து நான் வெளியே வந்தபோது, படிவம் பெஞ்சின்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் போய்விட்டிருந்தான். படிவத்தை அச்சடிக்கச் சொன்னவன் நான்தான்.

ஆகவே அன்பானவர்களே, அடுத்தமுறை மேட்டூர் அணையின்மேல் நிற்கும்போது, நிரம்பிய நீரை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். மறுபக்கம் சென்று சுவரின் அடியையும் ஒருமுறை பாருங்கள். பின்னர் உங்கள் வீட்டு வாசலையும், நம் ஆலய வாசலையும் அதே கண்ணோடு பாருங்கள். அங்கே நாம் யாருக்காகப் படி கட்டியிருக்கிறோம்? வருகிறவருக்கு அதில் ஏற முடிகிறதா?