ஓட்டமும் தர்மப்பணமும்



நமது வாலிபர் சிலர் கடந்த சில வாரங்களாக அதிகாலையில் காவிரிக்கரைச் சாலையில் ஓடிப் பழகுவதைத் திருவிடைமருதூரில் பலரும் கண்டிருப்பீர்கள். மாரத்தான் ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டு, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் பெற்று, புற்றுநோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமென்பது அவர்கள் எண்ணம். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நமது மூப்பர் ஒருவர் என்னிடம், "ஐயா, கொடுக்க வேண்டுமென்றால் காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டுப் போகலாமே, அதற்கு ஏன் ஓட வேண்டும்?" என்று கேட்டார். குறைகூறும் நோக்கத்தோடு அவர் கேட்கவில்லை. தர்மம் செய்வதை ஊரறியச் செய்யலாகாது என்னும் ஆண்டவரின் போதனையில் வளர்ந்தவர் அவர். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அதனால் இந்த வாரம் சில வரலாறுகளைத் திரும்பப் படித்தேன்.

கனடா நாட்டு வாலிபரான டெர்ரி ஃபாக்ஸுக்கு 18 வயதில் எலும்புப் புற்றுநோய் கண்டது. 1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவரது வலக்காலை முழங்காலுக்கு மேலே நீக்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நோய் வந்திருந்தால் பிழைக்க நூற்றுக்கு 15 பங்கே வாய்ப்பு, இப்போது 50 பங்கு என்று அவர் அறிந்தார். ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணம் மனித உயிராகத் திரும்பி வந்ததை அவர் தம் உடம்பிலேயே கண்டார். சிகிச்சைக் காலத்தில் உடனிருந்த நோயாளிகளின் வேதனையையும் கண்டார். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். தாம் மட்டும் சுகமாகி வீடு திரும்பி அவர்களை மறந்துவிட அவரால் முடியவில்லை.

1980 ஏப்ரல் 12 அன்று, ஒரு செயற்கைக் காலுடன், அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரையை நோக்கி ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான். நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பதே அவர் கேட்டது. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நெஞ்சுவலி அவரை நிறுத்தியது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பசிபிக் கரையை அவர் ஓடி அடையவில்லை. ஆயினும் 1981 பிப்ரவரி தொடக்கத்தில் நன்கொடை 2.4 கோடி டாலரைக் கடந்தது. நாட்டின் மக்கள்தொகையும் அப்போது ஏறக்குறைய அவ்வளவே. அவ்வாண்டு ஜூன் 28 அன்று, 23 வயது நிறையுமுன் அவர் மரித்தார். அவர் பெயரால் நடைபெறும் ஓட்டம் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி. வளாகம் வரை வந்தது.

குழந்தைகளின் புற்றுநோய்க்கு எதிரான போராட்டத்தில் நம் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக் குழு அமினோப்டெரின் என்னும் மருந்தை உருவாக்கியது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, சிறிது காலமேனும் நோய் பின்வாங்கியது. 1948இல் வெளியான அந்தச் செய்தி, அதுவரை மரணத்துக்காகக் காத்திருந்த பெற்றோருக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது. ஃபார்பரின் பெயர் தாங்கிய புற்றுநோய் நிலையத்துக்காக 1990 முதல் பாஸ்டன் மாரத்தானில் ஓடி நிதி திரட்டுகிறார்கள்.

அதே சென்னைக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றவர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை அவர் கண்ணீரோடு முடித்துவிடவில்லை. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் பின்னர் அங்கே உண்டாயிற்று. மறு ஆண்டே அங்கு சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அந்தப் பணியிலேயே நிலைத்திருந்தார்.

இன்றும் பணம் இங்கே உயிரின் கேள்வியாகவே இருக்கிறது. செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேருக்கும் குறைவானவர்களே பிழைக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் ஒன்றுதான்; பிள்ளை பிறந்த இடம் வேறு.

இப்போது வேதத்துக்கு வருவோம். கொரிந்துவுக்கு அருகில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அந்த ஊர்ச் சபைக்கு எழுதும்போதுதான் பவுல் பந்தய ஓட்டத்தையும் அழிந்துபோகும் கிரீடத்தையும் உவமையாக எடுத்தார் (1 கொரிந்தியர் 9). அதே நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில், எருசலேமிலுள்ள ஏழைகளுக்காக வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கும்படி கேட்கிறார். ஓட்டத்தைப் பற்றி எழுதிய அதே கைதான் தர்மப்பணத்தைப் பற்றியும் எழுதியது. கட்டுகள் காத்திருக்கின்றன என்று வழியெல்லாம் எச்சரிக்கப்பட்டும் அவர் எருசலேமுக்குப் போனார். அங்கே பிடிபட்டு, தம் ஜனத்தாருக்குத் தர்மப்பணம் கொண்டுவந்ததாகத் தேசாதிபதி பேலிக்ஸ் முன் சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 24). கொண்டுவந்தவர் கட்டப்பட்டார், காணிக்கையோ கடல் கடந்து வந்திருந்தது.

மூப்பரின் கேள்விக்கு இதுவே என் விடை. நம் நெல்வயல் நாட்டில் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் கர்த்தருக்கென்று ஒரு பிடியைத் தனியே எடுத்துவைப்பார்கள். அதை அவர்கள் யாருக்கும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் அந்தக் கலயத்தை யாராவது ஆலயத்துக்குச் சுமந்து வர வேண்டியிருந்தது. மறைவாகக் கொடுப்பவரும் தேவை, தெருவில் இறங்கிச் சுமப்பவரும் தேவை. காணாத பிள்ளையின் வேதனையை நம் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுகிறவர் ஓடுகிறவர்தான்.

வாலிபரே, மூப்பரின் எச்சரிப்பையும் மனத்தில் கொள்ளுங்கள். ஓட்டத்தில் எடுக்கும் புகைப்படம் அந்தப் பிள்ளையின் முகத்தை மறைக்க விடாதீர்கள். பிறரிடம் கேட்குமுன் உங்கள் கையிலிருந்து முதல் காணிக்கையை வையுங்கள். வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் சபைமுன் கணக்கை வாசியுங்கள். முழுத் தூரமும் ஓட இயலாமற்போனால் வெட்கப்படவும் வேண்டாம். நீங்கள் நின்ற இடத்துக்கு அப்பாலும் அந்தப் பணம் செல்லும்.

பிள்ளைகளைத் தம் கைகளில் அணைத்து ஆசீர்வதித்த கர்த்தர், வியாதிப் படுக்கையிலிருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும், அருகில் விழித்திருக்கும் தாய் தகப்பனையும் தாங்குவாராக. ஆமென்.