திரைப்பட வசனமும் பேச்சுத் தமிழும்

திரையில் ஒலித்த தமிழும் மக்கள் நாவில் வழங்கிய தமிழும் 1931 முதல் ஒன்றையொன்று மாற்றிவந்த வரலாறு. தமிழில் எழுத்து நடைக்கும் பேச்சுக்கும் இடைவெளி மிகுதி. பேச்சிலும் சாதிக்கொரு வழக்கு, வட்டாரத்துக்கொரு வழக்கு. ஒருவர் 'ஆத்துக்கு'ப் போவார், மற்றவர் 'வூட்டுக்கு'ப் போவார். அந்த ஒரு சொல்லிலேயே பிறப்பு வெளிப்பட்டுவிடும். பல சாதியாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே தமிழைக் கேட்ட முதல் இடங்களுள் ஒன்று திரையரங்கு. அங்கே ஒலித்தது எந்தத் தமிழ் என்பது அதனாலேயே முக்கியமாகிறது.

முதல் பேசும்படமான காளிதாஸ் (1931 அக்டோபர் 31) தமிழும் தெலுங்கும் கலந்து பேசியது. அடுத்துவந்த புராணப் படங்கள் நாடக மேடையிலிருந்து கதையோடு மொழியையும் எடுத்துக்கொண்டன. பாட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் வசனம். அதிலும் வடசொற்கள் நிறைந்திருந்தன. சமூகக் கதைகளிலோ பிராமணக் குடும்பப் பேச்சு பெரிதும் கேட்டது. 1937இல் வெளிவந்த அம்பிகாபதியில் இளங்கோவன் எழுதிய வசனம் இந்நிலையை மாற்றியது. வசனத்துக்காகவே படம் பார்க்கலாம் என்ற எண்ணம் அவரிடமிருந்து தொடங்குகிறது. கண்ணகி (1942) அதை உறுதிசெய்தது.

பெரிய திருப்பம் திராவிட இயக்கத்தாரால் வந்தது. அண்ணாதுரையின் வேலைக்காரி 1949இலும், மு. கருணாநிதி வசனம் எழுதிய மந்திரி குமாரி 1950இலும், பராசக்தி 1952இலும் வந்தன. பராசக்தியின் நீதிமன்றக் காட்சியை எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள். வசனப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் விற்றன. நடிக்க வாய்ப்புக் கேட்டு வந்த இளைஞர்கள் பல்லாண்டுகள் அந்த வசனத்தையே பேசிக்காட்டினார்கள்.

அந்த அடுக்குமொழியை வீட்டில் யாரும் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் அதைக்கொண்டு அந்த வசனத்தை வெறும் செயற்கை என்று ஒதுக்குவது தவறு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்தில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. செந்தமிழ் படித்தவரின் சொத்தாக இருந்த காலம் அது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவருக்கும் சபையில் எழுந்து நின்று பேச ஒரு மொழியைத் திரைப்படம் தந்தது. அது எந்தச் சாதியின் பேச்சும் அன்று; ஆகவே எவரும் கூச்சமின்றி எடுத்துக்கொள்ள முடிந்தது. தமிழ்த் திரையின் ஆகப்பெரிய மொழிப்பணி இதுவே.

மேடை, பத்திரிகை, திரை மூன்றும் சேர்ந்து அன்றாடச் சொற்களையும் மாற்றின. நமஸ்காரம் வணக்கமானது, அக்கிராசனர் தலைவரானார், அபேட்சகர் வேட்பாளரானார். மறைமலை அடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் விதைத்ததை மக்களிடம் கொண்டுசேர்த்தவை இவையே. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு 'ஸ்ரீ'க்குப் பதில் 'திரு'வை அரசு வழக்காக்கியது.

இதற்கிடையில் சமூகப் படங்களின் பாத்திரங்கள் பேச்சுத்தமிழுக்கு நகர்ந்தன. படித்த, பிராமணரல்லாத நகரத்தாரின் பேச்சை ஒட்டி, சாதி அடையாளம் மங்கிய ஒரு பொதுப் பேச்சுத்தமிழ் உருவாயிற்று. அது பரவியதில் திரைப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது பேச்சுத்தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஹெரால்டு ஷிஃப்மன் போன்றோரின் முடிவு. ஊர்விட்டு ஊர் போய் வேலை பார்த்தவர்கள் பேருந்திலும் அலுவலகத்திலும் இந்தத் தமிழையே கைக்கொண்டனர்.

1977இல் பாரதிராஜாவின் 16 வயதினிலே கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது. கதாநாயகனும் கதாநாயகியும் ஊர்ப் பேச்சில் பேசினார்கள். இரண்டாண்டு கழித்து மகேந்திரனின் உதிரிப்பூக்கள் நீண்ட வசனத்தையே தேவையற்றதாக்கியது. மதுரைப் பேச்சு பருத்திவீரனில் (2007) முழு வேகத்தோடு வந்தது. எல்லா வழக்குக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை. சென்னைப் பேச்சு நெடுங்காலம் பெரும்பாலும் நகைச்சுவை நடிகர்களின் வாயிலேயே இருந்தது; பா. ரஞ்சித்தின் மெட்ராஸ் (2014) போன்ற படங்களே அதைக் காதலுக்கும் அரசியலுக்கும் உரியதாக்கின. சதிலீலாவதியில் (1995) கொங்குப் பேச்சும் தெனாலியில் (2000) ஈழத்தமிழும் சிரிப்போடு சேர்த்தே தரப்பட்டன. ஒரு வட்டாரத்தின் தாய்மொழியைக் கேட்டதும் சிரிக்கப் பழக்கியதற்குத் திரைத்துறை பொறுப்பேற்கவே வேண்டும்.

1993இல் சன் டிவி வந்தபின் திரையின் இடத்தைத் தொலைக்காட்சி பெருமளவு பிடித்தது. தொகுப்பாளர்களின் ஆங்கிலக் கலப்புத் தமிழ் சிற்றூர்களுக்கும் போனது. 'விவாகம் பண்ணு' என்று முன்பு வடசொல்லை ஏற்ற அதே 'பண்ணு'தான் 'ட்ரை பண்ணு', 'கால் பண்ணு' என்று ஆங்கிலத்தையும் ஏற்றது. நகைச்சுவை நடிகர் வடிவேலுவின் வசனங்கள் வீட்டுப் பேச்சில் பழமொழிபோல் புழங்கின. பின்னர் மீம்களில் ஏறின. 2006இல் தமிழ்ப் பெயருள்ள படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அறிவித்ததும் தலைப்புகள் தமிழாயின. உள்ளே பேச்சு மாறவில்லை.

இலங்கையில் விளைவு வேறு. தமிழகப் படங்களைப் பார்த்தே வளர்ந்த ஈழத்தமிழர் தமிழகப் பேச்சை எளிதில் புரிந்துகொள்கின்றனர். யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்கத் தமிழகத்தாருக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. இன்றும் பலருக்கு அது விளங்குவதில்லை.