மின் நிலைய வெந்நீரும் கடல் மெல்லுடலிகளும்: ஓர் ஆய்வு வரலாறு

அனல் மின் நிலையமும் அணு மின் நிலையமும் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றுகின்றன. கடலோர நிலையங்களில் எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதி, குளிர்விக்க எடுத்த நீரோடு கடலுக்கே திரும்புகிறது. மீன் விலகிப் போய்விடும். பாறையிலும் மணலிலும் வாழும் சிப்பி, மட்டி, நத்தையினங்களுக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. ஆகவே கழிவு வெப்பத்தின் விளைவை அறிய மெல்லுடலிகளே ஏற்ற சான்றாயின. எத்தனை டிகிரியில் உயிர் சாகும் என்பதே தொடக்கக் கேள்வி. அமெரிக்கக் கரைகளில் கிடைத்த அனுபவம் அந்தக் கேள்வியின் போதாமையைப் படிப்படியாக வெளிப்படுத்தியது.

ஃபுளோரிடாவின் பிஸ்கேன் விரிகுடாவில் டர்க்கி பாயிண்ட் நிலையத்தின் முதல் இரு அலகுகள் 1967, 1968ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கின. சூழல் நீரைவிட 4 டிகிரி செல்சியஸ் மிகுந்த பகுதியில் கடற்புல்லும் அதை அண்டிய உயிர்களும் பெரும்பாலும் அழிந்ததை மயாமிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். வெப்பக் கடல் உயிர்கள் கோடையில் ஏற்கெனவே தாங்கும் எல்லையை ஒட்டியே வாழ்வதால் சிறு உயர்வும் அவற்றை வீழ்த்திவிடுகிறது. 1970இல் மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. முடிவில் சுமார் 270 கிலோமீட்டர் நீளக் குளிர்விப்புக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், வெப்ப வெளியேற்றத்துக்கு விலக்குக் கோரும் நிலையம் அந்நீர்நிலைக்குரிய சிப்பியினங்கள், மீன்கள், காட்டுயிர்கள் ஆகியவற்றின் சமநிலை காக்கப்படும் என்று நிறுவவேண்டும் என்றது.

நியூ ஜெர்சியில் கிடைத்த பாடம் வேறு. 1969 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய ஆய்ஸ்டர் கிரீக் அணு மின் நிலையத்தின் வெந்நீர் ஓடையில், 1970களில் தெற்குக் கடல்களுக்குரிய டெரெடோ பார்ட்ஷி என்னும் கப்பல் புழு குடியேறியது. பெயரில் புழுவானாலும் அது இரட்டை ஓட்டு மெல்லுடலிதான். குளிர்காலத்தைக் கடக்க வெந்நீர் உதவியது. விரிகுடா நீரை ஓடைக்குள் இறைத்ததால் ஓடையின் உப்புத்தன்மையும் உயர்ந்திருந்தது. படகுத்துறை மரத்தூண்களை அது துளைத்தது. இங்கே வெப்பம் கொல்லவில்லை, வாழவைத்தது. சேதம் அதனால்தான் வந்தது.

எல்லாவற்றிலும் நுட்பமான சான்று கலிஃபோர்னியாவின் டயப்லோ கேன்யனுடையது. 1985, 1986ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய அதன் இரு அலகுகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 900 கோடி லிட்டருக்கும் மேலான கடல்நீரைச் சுமார் 11 டிகிரி சூடாக்கி வெளியேற்றுகின்றன. அருகிலுள்ள சிறு குடாவில் சராசரி வெப்பநிலை 3.5 டிகிரி உயர்ந்தது. அங்குள்ள கறுப்பு அபலோன், அகன்ற தசைப்பாதத்தால் பாறையைப் பற்றி வாழும் ஒற்றை ஓட்டு நத்தை. 1988இல் அக்குடாவில் அபலோன்களின் பாதம் சுருங்கிப் பிடி தளர்ந்து, அவை கூட்டமாக மடிந்தன. தெற்கே சேனல் தீவுகளில் சில ஆண்டுகளுக்கு முன்பே தென்பட்ட வாடல் நோய்தான் அது. உணவுக்குழலின் செல்களில் தங்கிச் செரிமானத்தைக் கெடுக்கும் பாக்டீரியாவே காரணம் என்று பின்னர் தெரிந்தது. 2000இல் அதற்குப் பெயரிடப்பட்டது. உணவு உடலில் சேராதபோது விலங்கு தன் தசையையே கரைக்கிறது. குளிர்ந்த நீரில் தொற்று இருந்தும் அபலோன் நலமாக வாழக்கூடும். சுமார் 18 டிகிரிக்கு மேல் நோய் முற்றுகிறது. அபலோனைக் கொல்லாத வெப்பநிலை அதன் நோய்க்கு உகந்ததாக இருந்தது. சாவு எல்லையை மட்டும் அளக்கும் ஆய்வகச் சோதனை இதைக் காட்டியிருக்காது.

டேவிட் ஷீல், ஜான் ஸ்டைன்பெக், மைக்கேல் ஃபாஸ்டர் ஆகியோர் 2004இல் வெளியிட்ட கட்டுரை, டயப்லோ கேன்யன் நிலையம் இயங்குவதற்கு முன்னும் பின்னும் திரட்டிய தரவுகளை ஒப்பிட்டது. தெற்கு இனங்கள் வடக்கு இனங்களின் இடத்தைப் பிடிக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. கெல்ப் உள்ளிட்ட பல பாசிகள் குறைந்தன. மேயும் முதுகெலும்பிலிகள் பல பெருகின. உயிர்களுக்கிடையேயான உறவே மாறியதால், ஒவ்வோர் இனத்தின் வெப்பத் தாங்குதிறனைக் கொண்டு முடிவைக் கணிக்க இயலவில்லை.

கறுப்பு அபலோன் 2009இல் அமெரிக்காவின் அருகிவரும் இனப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நோயின் பரவலுக்கு எல் நினோ போன்ற இயற்கை வெப்பமும் காரணம் என்பதால் முழுப் பழியும் ஒரு நிலையத்தின் மேல் விழாது. 2010இல் கலிஃபோர்னியா, கடல்நீரை ஒருமுறை மட்டும் செலுத்தி வெளியேற்றும் குளிர்விப்பு முறையைப் படிப்படியாகக் கைவிடும் கொள்கையை வகுத்தது. ஆய்ஸ்டர் கிரீக் 2018இல் மூடப்பட்டது. டயப்லோ கேன்யனை 2030 வரை இயக்க 2022இல் மாநிலச் சட்டம் வழிவகுத்தது.