வெள்ளையில் ஒரு சிட்டிகை நீலம்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுண்ணாம்பைத் தாளித்து, வடிகட்டி, சுவரில் ஒட்டிப் பிடிக்க வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, கடைசியில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். வெள்ளையடிக்க எதற்கு நீலம்?

சுண்ணாம்புக் கல்லில் சிறிது இரும்பு கலந்திருந்தால் வெள்ளையில் லேசாக மஞ்சள் தட்டும். அந்த மஞ்சளை நீலம் அடக்கிவிடும். நீலம் கலந்த சுவர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் உண்மையில் சற்றுக் குறைவுதான். ஆனாலும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்!

அந்த நீலத்தை அவுரிச் செடியில் எடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் பொட்டலமாக விற்ற நீலப்பொடி பெரும்பாலும் அல்ட்ராமரின். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்தின் படக்‌ஷான் மலையில் கிடைக்கும் நீலக்கல்லை அரைத்து அதை எடுத்தார்கள். ஐரோப்பாவில் தங்கத்துக்கு இணையாக விலை போனது. மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824இல் பாரிஸில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828இல் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் அதை வென்றார். அதன்பிறகுதான் இந்த நீலம் சாமானியர் கைக்கு எட்டியது.

அதற்கு நூறாண்டு முன்பே பெர்லினில் பிரஷ்யன் நீலம் வந்துவிட்டதே, அதைக் கலக்கக் கூடாதா என்று கேட்கலாம். சுண்ணாம்பின் காரத்தில் அது நிறம் இழந்துவிடும். அல்ட்ராமரின் காரத்தைத் தாங்கும்.

இன்னொரு பக்கம் காவி. கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறதே, அது. மண்ணிலுள்ள இரும்புதான் அதற்கு நிறம் கொடுக்கிறது. இன்றைக்குப் பெயின்ட் கடை இயந்திரம் வெள்ளையில் மஞ்சள், சிவப்பு ஆக்சைடு சொட்டுவிட்டால் 'வார்ம்'; நீலமோ கறுப்போ விட்டால் 'கூல்'. முன்னது காவியின் பேரன், பின்னது நீலத்தின் பேரன்.

கடன் வாங்கி வீடு கட்டியிருக்கும் என் பழைய மாணவி ஒருவர், "சார், எதை அடிக்கட்டும்? இரண்டாம் தடவை அடிக்கக் காசில்லை" என்று கேட்டிருக்கிறார். அவர் மட்டுமல்ல, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வண்ண அட்டையை மட்டும் பார்க்கிறார்கள். வீட்டு வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை.

அன்று விளக்கொளி மஞ்சள். சுவரில் நீலம் ஈடு கொடுத்தது. இன்று 6500 கெல்வின் பல்பிலேயே நீலம் இருக்கிறது. அதன் கீழ் சாம்பல் வெள்ளை ஆஸ்பத்திரிச் சுவர் போலாகிவிடும். சந்தன வெள்ளைதான் பொருந்தும். நேர் வெயில் விழாத அறைக்கும் அதுவே. மேற்கு வெயில் நிறைந்து அடிக்கும் அறைக்குக் குளிர்ந்த நிறம் இதமாக இருக்கும்.

எதற்கும் சின்ன டப்பாக்கள் இரண்டு வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பாருங்கள். காலையிலும், உச்சி வேளையிலும், இரவில் பல்பைப் போட்டும் பாருங்கள். அதன்பிறகு முழு வீட்டுக்கும் வாங்கலாம்.

உங்கள் வீட்டில் நீலம் எவ்வளவு கலந்தார்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.