ஓய்வு மட்டுமே மருந்தன்று

'இதயச் செயலிழப்பு' என்றதும் இதயம் நின்றுவிட்டதாகவே பலரும் எண்ணிவிடுகிறார்கள். உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் செலுத்த இயலாத நிலைக்கே அந்தப் பெயர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். உடனே வீட்டார், 'அசையாமல் படுத்திருங்கள்' என்பார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அதையேதான் கூறினார்கள்.

ஆனால், படுத்தே கிடப்பவருக்குக் கால் தசைகள் விரைவில் நலிந்துவிடுகின்றன. நலிந்த தசையால் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனைச் சரிவரப் பயன்படுத்த இயலாது. இதயத்தின் நிலை மாறாவிட்டாலும் களைப்பும் மூச்சிரைப்பும் கூடுகின்றன. இந்தச் சுழற்சியைத்தான் உடற்பயிற்சி உடைக்கிறது.

2009-இல் வெளியான 'எச்எஃப்-ஆக்‌ஷன்' ஆய்வில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளைச் சேர்ந்த 2,331 நோயாளிகள் பங்கேற்றனர். மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் ஐயத்துக்கு இடமின்றிக் குறைந்தன என்று கூறுவதற்கில்லை. எனினும், பயிற்சி பாதுகாப்பானது, வாழ்க்கைத் தரம் சற்றே உயர்கிறது என்பவை தெளிவாயின. 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, 60 வயதைக் கடந்த 349 பேர் பங்கேற்றனர்; அவர்களில் ஒரு பிரிவினருக்கு வலிமை, சமநிலை, நடமாட்டம், தாங்குதிறன் ஆகியவற்றுக்கான பயிற்சிகள் அளிக்கப்பட்டன. அவர்களது உடல் இயக்கம் நன்கு மேம்பட்டது.

அமெரிக்காவின் 'மெடிகேர்' காப்பீடு 2014 முதல், தகுதியுள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு 36 பயிற்சி அமர்வுகள் வரை செலவை ஏற்கிறது. பொருளியல் கற்பித்தவன் என்பதால் எனக்கு இந்த எண் உறுத்துகிறது. நம் ஊரில் கட்டணமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மருத்துவமனைக்கு 36 முறை வருவதென்றால் தினக்கூலித் தொழிலாளி 36 நாள் கூலியை இழப்பார். துணைக்கு வரும் மகனும் இழப்பார். பேருந்துக் கட்டணம் தனி. திருவனந்தபுரத்தில் 2013-இல் பதிவு செய்யப்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளின் சராசரி வயது சுமார் 61. இன்னமும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் அவர்களில் பலர் இருப்பார்கள்.

ஆகவே, பயிற்சிதான் வீடு தேடிச் செல்ல வேண்டும். பிரிட்டனில் 216 பேரிடம் நடந்த 'ரீச்-எச்எஃப்' ஆய்வில், வீட்டிலேயே பயின்றவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே வீடுகளுக்குச் செல்கிறது. புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. மருத்துவர் தகுதியானவர் என உறுதிசெய்த நோயாளிகளை அவர்களிடம் ஒப்படைத்து, உரிய பயிற்சியும் அளித்தால் போதும்.

அந்தப் பயிற்சியில் எச்சரிக்கைகள் முதலிடம் பெற வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதுமானது. இரண்டு மூன்று நாள்களில் எடை 2 கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும்.